மகள் அங்கே பாத்திரம் கழுவுகிறாள்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாகப் பணிபுரியும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு பெற்ற அவருடைய 17 வயது மகள், மாணவர் பரிமாற்றத் திட்டமொன்றின் புலமைப்பரிசிலில் கடந்த ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவுக்குப் போனாள். விஸ்கொன்சின் மாநிலத்துச் சிறு நகரம் ஒன்றில், பிள்ளைகள் ‘ஹோஸ்ட் ஃபேமிலி’ என்று சொல்லும் ஒரு குடும்பத்துடன் தங்கி, அங்குள்ள அரச உயர்நிலைப் பாடசாலையில் 10 மாதங்கள் படித்துவிட்டு ஜூன் மாதம் திரும்ப வேண்டும். தோட்டத்துக் கோயிலில் மாலை போட்டு, சந்தியில் பதாகை கட்டி ஊரே அவளை வழியனுப்பியது.

நவம்பர் மாதத்தில் மகள் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். மஞ்சள் நிற ரப்பர் கையுறை அணிந்து, கழுவுதொட்டியின் முன் நின்று சிரிக்கிறாள். அதைப் பார்த்ததிலிருந்து தாய்க்கு உறக்கமில்லை. அவருடைய அக்காவை 12 வயதில் ‘படிக்க வைக்கிறோம்’ என்று கொழும்பு வீடொன்றுக்கு அழைத்துச் சென்றார்கள். 4 வருடங்கள் கழித்துத் திரும்பிய அக்காவுக்குத் தன் பெயரை எழுதவும் தெரியவில்லை. “அக்காவுக்கு நடந்ததுதான் என் மகளுக்கும் நடக்கிறது” என்கிறார் தாய். முன்பு காலை 7.30க்கு வந்த அழைப்பு நவம்பரிலிருந்து ஒரு மணித்தியாலம் பிந்தி வருகிறது, பேச்சும் குறைந்துவிட்டது, இரவு 10 மணிக்குத் தொலைபேசியைச் சமையலறையில் வைத்துவிட வேண்டுமாம், ஞாயிறு தோறும் தேவாலயத்துக்கு அழைத்துப் போகிறார்களாம், பிள்ளை மெலிந்துவிட்டாள், அடிக்கடி அழுகிறாள். “அரசாங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு அவளை வேலை வாங்குகிறார்கள். சம்பளமாவது கேட்கலாமா? முறைப்பாடு செய்தால் விசாவை ரத்துச் செய்துவிடுவார்களா? ரொறன்ரோவில் இருக்கும் என் சித்தப்பா மகன் போய் அழைத்து வருவதாகச் சொல்கிறான். உயர்தரமும் பாழாகிறது. திருப்பி அழைத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நீங்கள் இணைத்திருந்த படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மகளின் தோளுக்குப் பின்னால் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது, கவனித்தீர்களா? கிழமை நாட்களும் அவற்றுக்கு நேரே பெயர்களும் எழுதியிருக்கின்றன. திங்களும் வியாழனும் உங்கள் மகளின் பெயர் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் வேறொரு பெயர், அது அந்த வீட்டின் 15 வயது மகனாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே ‘அப்பா’ என்று இருக்கிறது. அது பாத்திரம் கழுவும் முறைப்பட்டியல். அந்த வீட்டுக் குடும்பத் தலைவரும் கையுறை மாட்டிக்கொண்டு அதே தொட்டியின் முன் நிற்கிறார்.

உங்கள் பயத்தை நான் சிறிதாக்கவில்லை. பிறர் வீட்டுப் பாத்திரம் என்றதும் மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் ஒரு பழைய காயம் வலிக்கும். நம் பெண்பிள்ளைகளைப் பத்து, பன்னிரண்டு வயதில் நகரத்து வீடுகளுக்கு அனுப்பிய காலம் தூரத்துக் காலமல்ல; வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது இந்நாட்டில் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டதே 2021இல்தான். ஆனால், அக்கா எல்லோரும் உண்டு முடித்த பின் பின்வாசலில் தனியே உட்கார்ந்து சாப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மகளோ, வீட்டில் எல்லோரும் இருக்கும் நாட்களில் அவர்களுடன் ஒரே மேசையில் சாப்பிடுகிறாள். அக்காவை என்னவென்று கேட்க வெளியாள் ஒருவரும் வரவில்லை. மகளிடம் மாதம் ஒருமுறையாவது பேச வேண்டிய கடமையுள்ள ஓர் உள்ளூர் இணைப்பாளர் இருக்கிறார். ஆகவே அந்தக் கையுறைப் படத்தை எண்ணி நீங்கள் கலங்க வேண்டியதில்லை.

கடிதத்தின் மூன்றாம் பக்கம்

நான் கலங்கியது வேறோர் இடத்தில். மூன்றாம் பக்கத்தில், சற்றுப் பெருமையுடனேயே, இப்படி எழுதியிருக்கிறீர்கள்: “அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகள் இரண்டும் இவளை விட்டு அசையாதாம். தாய் வேலைக்குப் போகும் 4 நாட்களும் இவள்தான் பள்ளிவிட்டு வந்ததிலிருந்து இரவு 8 மணி வரைக்கும் பார்த்துக்கொள்கிறாளாம். குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, தூங்க வைப்பாளாம்.” இன்னோரிடத்தில், பாடசாலைப் பாடகர் குழுவில் சேர ஆசைப்பட்டும் ‘நேரமில்லை’ என்று விட்டுவிட்டாள் என்கிறீர்கள். வீட்டு மூத்த மகன் அந்த மாலைகளில் கூடைப்பந்துப் பயிற்சிக்குப் போகிறான் என்பதும் உங்கள் கடிதத்தில்தான் இருக்கிறது.

கணக்கிட்டுப் பாருங்கள். பிற்பகல் 3.30 முதல் 8 மணி வரை, 4 நாட்கள். வாரத்துக்கு 18 மணித்தியாலங்கள். முறை வைத்துப் பாத்திரம் கழுவுவது குடும்பத்தில் ஒருத்தியாக இருப்பதன் பங்கு. தன் அறையைச் சுத்தம் செய்வதும், துணி துவைப்பதும், பனி விழுந்த நாளில் வாசலை வழிப்பதற்குக் கை கொடுப்பதும் அப்படியே. அந்த வீட்டுப் பிள்ளைகள் செய்வதை அவளும் செய்கிறாள். ஆனால் ஒரு தாய் வேலைக்குப் போவதே இவள் மாலையில் வீட்டில் இருப்பாள் என்ற நம்பிக்கையில்தான் என்றால், அவள் அந்த வீட்டின் பிள்ளை என்ற நிலையிலிருந்து நழுவி, பிள்ளை பார்ப்பவளாக ஆகிக்கொண்டிருக்கிறாள். சொந்த மகன் பயிற்சிக்குப் போக, வந்த மகள் பாடகர் குழுவை விட்டிருக்கிறாள் என்பதே எனக்குப் போதுமான அடையாளம்.

எது உங்களுக்கு அவமானமாகத் தெரிந்ததோ அதில் தவறில்லை. எது பெருமையாகத் தெரிந்ததோ அதில்தான் இருக்கிறது. இதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டே படித்த பிள்ளைகள் நாம். பிள்ளை பார்ப்பது நமக்கு வேலையாகவே தோன்றுவதில்லை. உங்கள் மகளும் முதல் வாரத்தில் தானாகவே முன்வந்திருப்பாள், ‘பரவாயில்லை’ என்று பல தடவை சொல்லியிருப்பாள். அந்தப் பெற்றோர் தீய எண்ணத்துடன் இதைச் செய்கிறார்கள் என்று முடிவு கட்ட உங்கள் கடிதத்தில் ஆதாரமில்லை. அவளுக்கு இது பிடித்திருக்கிறது என்று அவர்கள் மெய்யாகவே நம்பிக்கொண்டிருக்கக்கூடும்.

சம்பளம் கேட்கலாமா என்கிறீர்கள். கேட்க வேண்டாம். உங்கள் மகளைப் போல், பரிமாற்றத் திட்டங்களுக்குரிய ஜே-1 விசாவில் வரும் உயர்நிலைப் பாடசாலை மாணவர்கள் முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ வேலை செய்ய அமெரிக்க வெளியுறவுத் திணைக்களத்தின் விதிகள் இடமளிப்பதில்லை. எப்போதாவது ஒரு மாலை பிள்ளை பார்ப்பது, முற்றத்து வேலை செய்வது போன்ற இடைக்கிடை வேலைகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. வாராவாரம் 18 மணித்தியாலம் என்பது, கூலி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், இடைக்கிடை ஆகாது. கூலி வாங்கினால் அது மேலும் வேலையாகிவிடும். கேட்க வேண்டியது அவளுடைய மாலை நேரத்தை.

அவர்கள் அரசாங்கத்திடம் பணம் பெறுகிறார்கள் என்று யார் சொன்னார்களோ, அது தவறு. இந்த விசாத் திட்டத்தில் பிள்ளையை ஏற்கும் குடும்பங்களுக்குக் கொடுப்பனவு எதுவும் கிடையாது. வரிக் கணக்கில் மாதத்துக்கு 50 டொலர் வரை கழித்துக் காட்டலாம் என்ற சிறு சலுகை உண்டு. அதுவும் எல்லோருக்கும் பயன்படுவதில்லை. ஒரு படுக்கையும் மூன்று வேளை உணவும் தம் விருப்பத்தால் கொடுக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு பேசினால், பேச்சின் தொனியே வேறாக இருக்கும்.

மணிக்கூடும் ‘வேண்டாம்’ என்ற சொல்லும்

அழைப்பு ஒரு மணித்தியாலம் பிந்தியதற்கு எவரும் தடை போட்டது காரணமல்ல. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னே வைப்பார்கள். அதற்கு முன் அங்கு இரவு 9 மணி என்றால் இங்கு மறுநாள் காலை 7.30; இப்போது அதே 9 மணிக்கு இங்கு 8.30. மகள் அதே நேரத்தில்தான் அழைக்கிறாள். முன்பு நீங்கள் வீட்டில் தலை வாரிக்கொண்டே ஆறுதலாகப் பேசினீர்கள். இப்போது முன்பள்ளியில் பிள்ளைகள் கூச்சலிட, ஒரு காதால் கேட்டுக்கொண்டு “பிறகு பேசுவோம்” என்கிறீர்கள். ‘அம்மாவும் அவசரப்படுகிறார்’ என்று அவள் நினைத்திருக்கலாம். வார நாட்களில் ஒரு குரற்பதிவு அனுப்பிவிட்டு, அங்கு சனி இரவு, உங்களுக்கு ஞாயிறு காலை, நீண்ட நேரம் பேசும்படி மாற்றிக்கொள்ளுங்கள். தினமும் பேசுவது தேற்றும் என்று நினைக்கிறோம். அனுபவத்தில் பல பிள்ளைகளுக்கு அது ஆறிவரும் புண்ணைத் தினமும் கிளறுவது போலாகிறது.

இரவு 10 மணிக்கு அந்த வீட்டு மகனின் தொலைபேசியும் அதே சமையலறை மேசைக்குத்தான் போகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், அதை வீட்டு ஒழுங்காகவே எடுத்துக்கொள்ளலாம். உங்களுடனோ இணைப்பாளருடனோ பேச விடாமல் தொலைபேசியைப் பறித்தால், அல்லது கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டால், அது ஒழுங்கல்ல. அன்றே முறையிட வேண்டிய விடயம். தேவாலயத்துக்கு அழைக்கலாம், வற்புறுத்தக் கூடாது. ‘நான் வீட்டிலிருந்து படிக்கிறேன்’ என்று அவள் மரியாதையாகச் சொல்லலாம். விரும்பிப் போனால் அதனால் அவள் மதம் மாறிவிடப் போவதுமில்லை.

மெலிந்ததைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். நம் வீடுகளில் ‘போதும், வேண்டாம்’ என்பது முதற்சொல். மூன்றாம் தடவை வற்புறுத்திய பிறகுதான் தட்டை நீட்டுவோம். லயத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் பிளேன்டீ குடிக்காமல் எழும்ப விடுவார்களா? அங்கு ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான். கிண்ணம் அடுத்தவருக்குப் போய்விடும், திரும்பி வராது. அவள் சொல்லை மதித்ததாகவே அவர்கள் நினைப்பார்கள். ‘பசித்தால் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்’ என்று முதல் நாளே சொல்லியிருப்பார்கள். பிறர் வீட்டு அலுமாரியைத் திறக்க நம் பிள்ளைக்குக் கை வராது. போய்த் திரும்பிய ஒரு மாணவி என்னிடம் சொன்னாள், முதல் 2 மாதங்கள் இரவில் பசியோடு படுத்தாளாம், சுவருக்கு அந்தப் பக்கம் நிறைந்த அலுமாரி இருந்ததாம். மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதை உங்கள் மகள் வாய்விட்டுச் சொன்னாளா என்று கேளுங்கள். தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்ததையே சொன்னதாக அவள் எண்ணியிருக்கலாம். வாரத்தில் ஒரு நாள் பருப்பும் ரொட்டியும் சம்பலும் அவளே சமைக்கட்டும். அந்தச் சமையல் அவளுக்குப் பாரமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

குளிர் பழகியவள் என்று நீங்கள் தைரியம் கொள்வதை மட்டும் கொஞ்சம் திருத்த வேண்டும். நுவரெலியாவின் உறைபனி காலை வெயிலில் கரைந்துவிடும். அங்கு டிசம்பரில் பொழுது மாலை 4.30க்கு முன்பே சாய்கிறது. அவள் பாடசாலையிலிருந்து வந்த சற்று நேரத்தில் இருட்டு, பிறகு நான்கு சுவர்கள், இரண்டு சிறு பிள்ளைகள். அழுகைக்கு ஒரு பங்கு காரணம் அந்த இருட்டிலும் இருக்கிறது. பாடகர் குழு அவளுக்கு வேண்டுமென்று நான் அழுத்திச் சொல்வது இதனாலும்தான்.

முறையிட்டால் என்ன நடக்கும்

வீட்டு விடயத்தை எடுத்துச் சொன்னதற்காக ஒரு பிள்ளையின் விசா ரத்தாவதில்லை. அவளுடைய விசா அந்தக் குடும்பத்தோடு கட்டப்பட்டதல்ல. அவளை அழைத்த அனுசரணை நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. வீடு பொருந்தாவிட்டால் அந்நிறுவனம் வேறொரு குடும்பத்தைத் தேடிக் கொடுக்க வேண்டும். இடைநடுவில் வீடு மாறுவது இத்தகைய திட்டங்களில் வழக்கமாக நடப்பதே. திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் திட்டத்தின் விதிகளை மீறியதற்காகவே இருக்கும்.

வரிசை முக்கியம். முதலில் அவளே அந்தத் தாயிடம் பேச வேண்டும். நீங்கள் இங்கிருந்து வட்ஸ்அப்பில் எழுதினால், ‘நம்மிடம் சிரித்துவிட்டு ஊருக்கு முறையிட்டிருக்கிறாள்’ என்று அவர்கள் மனம் முறியும். ‘பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். வாரத்தில் ஒரு மாலை என்னால் முடியும். நான்கு மாலைகள் முடியவில்லை, பாடங்கள் பிந்துகின்றன, பாடகர் குழுவிலும் சேர விரும்புகிறேன்.’ இவ்வளவுதான் பேச்சு. மன்னிப்புக் கேட்டுத் தொடங்க வேண்டாம், பரவாயில்லை என்று முடிக்கவும் வேண்டாம். அதற்கு முன் ஒரு வாரம், எந்த நாளில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை பார்த்தாள் என்பதை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளட்டும். பேசி இரண்டு வாரத்தில் மாற்றமில்லையென்றால், அந்தக் குறிப்புடன் உள்ளூர் இணைப்பாளருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். செப்டெம்பரில் ஒருமுறை நேரில் வந்தவர் பிறகு ‘எல்லாம் சரியா?’ என்று குறுஞ்செய்தி மட்டும் அனுப்புகிறார், இவளும் ‘சரி’ என்றே பதிலளிக்கிறாள் என்றீர்கள். அந்தச் ‘சரி’யை அவர் நம்பித்தான் ஆக வேண்டியிருக்கிறது. இணைப்பாளர் அசையாவிட்டால் அனுசரணை நிறுவனத்தின் தலைமையகம். அதற்கும் மேல், இத்தகைய மாணவர்களுக்காகவே வெளியுறவுத் திணைக்களம் வைத்திருக்கும் உதவித் தொலைபேசி. அவ்விலக்கம் புறப்படும்போது அவளுக்குக் கொடுத்த ஆவணங்களில் இருக்கும்.

ஒன்று மட்டும் இந்த வரிசைக்குக் கட்டுப்படாது. யாராவது அவளைத் தகாத முறையில் தொட்டார்களா, பார்த்தார்களா, பேசினார்களா, அறைக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அந்த வீட்டில் தமிழ் புரிபவர் எவருமில்லை, அவள் எல்லோர் முன்னிலையிலும் உங்களிடம் உண்மையைச் சொல்ல முடியும். அப்படி ஏதும் இருந்தால், அல்லது ‘வாழப் பிடிக்கவில்லை’ என்று அவள் வாயிலிருந்து வந்தால், காத்திருக்கக் கூடாது. அனுசரணை நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு அப்போதே அழைக்க வேண்டும்; உடனடி ஆபத்தென்றால் அவள் 911ஐ அழைக்க வேண்டும்.

ரொறன்ரோவும் உயர்தரமும்

உங்கள் சித்தப்பா மகனின் அன்பு புரிகிறது. ஆனால் அனுசரணை நிறுவனத்துக்குத் தெரியாமல் அவர் வந்து அழைத்துப் போனால், அந்த நொடியிலேயே அவள் திட்டத்தை விட்டு ஓடியவளாகக் கணிக்கப்படுவாள். கனடாவுக்குள் நுழைய அவளுக்குத் தனி விசாவும் வேண்டும். எல்லையில் ஒரு காரில் அது தீர்கிற காரியமல்ல. ‘முடிந்ததும் அங்கேயே நின்றுவிடட்டும்’ என்று வேறு யாரும் யோசனை சொன்னால் அதையும் காதில் வாங்காதீர்கள். திட்டம் முடிந்த பின் கிடைக்கும் 30 நாட்கள் புறப்படுவதற்கான அவகாசம் மட்டுமே. அதை மீறினால் நாளை அவள் பல்கலைக்கழகம் முடித்து முறையாக விசா கேட்கும்போது அது குறுக்கே நிற்கும்.

உயர்தரம் பாழாகவில்லை, ஒரு வருடம் தள்ளிப்போகிறது. அங்கு அவள் பெறும் புள்ளிகள் இங்கு உயர்தரத்துக்கு ஈடாகா. அதை இப்போதே தெளிவாக ஏற்றுக்கொள்ளுங்கள். அவளுடைய தோழிகள் தரம் 12இல் இருக்கிறார்கள், அவள் திரும்பி வந்து அவர்களுக்குப் பின்னால் தொடங்குவாள். அதிபரிடமிருந்து விடுகைக் கடிதத்தின் பிரதியும், திரும்பியதும் சேர்த்துக்கொள்வதாக எழுத்திலான உறுதியும் இந்த விடுமுறைக்குள் வாங்கி வையுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட அடிப்படை உண்டு. நுவரெலியா கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் அது உங்கள் மகளுக்கு மதிப்புள்ளது. உயர்தரத்துக்கு முந்தைய ஆண்டுகளில் பிள்ளை எங்கு வசித்தாள், எங்கு படித்தாள் என்பது பார்க்கப்படுவதால், இந்த ஒரு வருட இடைவெளி எவ்வாறு கணிக்கப்படும் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கடிதம் மூலம் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்திருங்கள்.

திருப்பி அழைப்பதா?

இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் நீங்கள் எழுதிய காரணத்துக்காக அல்ல. ‘மாலை போட்டு அனுப்பிய ஊருக்கு என்ன பதில் சொல்வேன்’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஊருக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். அவளுக்கும் அதே பயம் இருக்கும். அதனால்தான் எல்லோருக்கும் ‘சரி’ என்று எழுதுகிறாள், கையுறையோடு சிரிக்கிறாள். ஆகவே ஞாயிறு காலை அவள் அழைக்கும்போது முதலில் இதைச் சொல்லுங்கள்: “உனக்கு முடியாவிட்டால் நீ வரலாம். பதாகையை நாங்கள் கழற்றிக்கொள்வோம்.” திரும்பி வர வழி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்கு அங்கு நின்று பேசத் துணிவு வரும். வீடு மாறியும், பேசியும், இரண்டு மாதத்தில் அவள் உண்ணாமலும் உறங்காமலும் இருந்தால், அப்போது அழைத்துக்கொள்ளுங்கள். நானே அந்தக் கடிதத்தை எழுத உங்களுக்கு உதவுகிறேன்.

அக்காவின் கதையை மகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தைப் பார்த்தால் சொல்லவில்லை என்றே தெரிகிறது. சொல்லுங்கள். பாத்திரத்தைப் பற்றிக் கேட்டாலே அம்மா ஏன் அழுகிறார் என்று அவளுக்கு விளங்கட்டும். நான்கு மாலைகள் ஏன் அதிகம் என்பதும் அப்போது அவளுக்கே விளங்கும். மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறன்று அங்கு மணிக்கூட்டை மீண்டும் முன்னே வைப்பார்கள். மறுநாள் திங்கட்கிழமை காலையிலிருந்து அவளுடைய 9 மணி உங்களுக்கு மறுபடியும் 7.30 ஆகிவிடும். அதற்குள் பாடகர் குழுவில் அவளுக்கு இடம் கிடைத்ததா என்று எனக்கு எழுதுங்கள்.